பூம்பாறையில் கேட்கவில்லை என்று எழுதியவருக்கு

பழனிமலை வட்டார வானொலி நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பொறியியல் உதவியாளராகப் பணியாற்றி, இன்று பணிநிறைவு காணும் அம்மையார் திருமதி சண்முகவள்ளி அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் நால்வரும் தலை குனிந்து படைத்தளிக்கும் மடல்.

ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே ஆகாயம் அளந்து நிற்கும் நம் கோபுரத்தின் அடியில், ஆண்டு முப்பத்து மூன்று அயராமல் உழைத்த அம்மையே! மலை கேட்கிறதா, மேடு கேட்கிறதா, மக்கள் கேட்கிறார்களா என்று மாதந்தோறும் மலையேறிப் பார்த்துவந்த மாண்பே! இரைச்சலுக்குள் இருந்தும் இன்சொல்லைப் பிரித்தெடுக்கும் இணையற்ற செவியே! உள்ளதை உள்ளபடி எழுதியதால் ஊரார் உள்ளத்தில் இடம்பிடித்து, உடனிருந்த எங்கள் உள்ளத்தில் உறுத்தலாய்த் தங்கிவிட்ட உண்மையே! வணக்கம். வணக்கத்தோடு வெட்கமும்.

இதை எழுதி வாசிப்பவன் அறிவிப்பாளர் செல்வமுருகன். இந்த நிலையத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது என் பொறுப்பு என்றாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டதால் இதையும் சொல்கிறேன்: என் மேசை இழுப்பறையில் இருப்பது ஒரே ஒரு மடல்தான். பெயரையும் ஆண்டுகளையும் மாற்றிக்கொள்வேன். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வேலுச்சாமி அண்ணன் ஓய்வு பெற்றபோது, பழைய பொறியாளர் ஒருவருக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பார்க்க மறந்து, 'அலைவரிசை ஆண்ட அரசே' என்று அவரை அழைத்துவிட்டேன். அவர் மகிழ்ந்துபோய் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். நான் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை.

அக்கா, உங்களுக்கும் அதையேதான் எடுத்து வைத்தேன். பெயரை மாற்றினேன், ஆண்டை மாற்றினேன். நான்காவது பத்தியில் 'உங்கள் சொல்லை நாங்கள் என்றும் தட்டியதில்லை' என்ற வரி வந்தது. கை நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் நிலையப் பொறுப்பாளர் ஆனந்த், ஒலிபரப்பி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகவேல், கட்டுப்பாட்டு அறைச் சுகன்யா ஆகிய மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உண்மையை எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார்கள். ஆனந்த் சார், "எழுதுங்கய்யா, என் பேரையும் விட்டுறாதீங்க" என்றார்.

வந்திருக்கும் உறவினர்களும் ஆயக்குடிப் பெருமக்களும் அறிந்துகொள்வதற்காக அக்காவின் பணியைப் பற்றிச் சில சொற்கள்.

வானொலி நிலையத்தில் வேலை என்றால் பேசுகிற வேலை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். கேட்கிற வேலையும் ஒன்று உண்டு. அதற்குக் 'கேட்புச் சுற்று' என்று பெயர். மாதம் ஒருமுறை ஒருவர் மலைக்கிராமங்களுக்குப் போய், சாதாரண ரேடியோவில் நம் நிலையம் எப்படிக் கேட்கிறது என்று படிவத்தில் எழுதிவர வேண்டும். அரைநாள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டு, எண்களை நிரப்பி, சாக்லெட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது எங்கள் எல்லோருடைய வழக்கம். நீங்கள் அப்படிச் செய்ததில்லை. இரண்டாம் சனிக்கிழமை முதல் பேருந்தில் மஞ்சள் பையோடு ஏறுவீர்கள். பைக்குள் உள்ளங்கை அகல ரேடியோ, இரண்டு பேட்டரி, தயிர்ச்சாதம், படிவக் கட்டு. அன்று பூம்பாறை, மன்னவனூர். மறுநாள் பண்ணைக்காடு. மலை மடிப்புக்குள் கிடக்கும் ஊர்களை நம் கோபுரம் பார்க்க முடியாது என்பதால் நீங்கள் போய்ப் பார்த்தீர்கள்.

படிவத்தின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் நாங்கள் எல்லோரும் 'ஏதுமில்லை' என்று எழுதுவோம். நீங்கள் ஒருவர்தான் அதில் கேட்பவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினீர்கள். எந்த மேலிடத்து அதிகாரியும் உங்களை எழுதச் சொல்லவில்லை. எண் பொய் சொல்லும், ஆள் சொல்ல மாட்டார் என்பது உங்கள் கட்சி. அந்தக் குறிப்புகளை டீ நேரத்தில் குரல் மாற்றி வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தவன் நான்.

சென்ற ஆண்டு சித்திரையில் நம் மத்திய அலைக்கு டிஜிட்டல் வந்தது. வாழைமரம் கட்டினோம். பொங்கல் வைத்தோம். குறுந்தகடு போலத் தெளிவு, இரைச்சலே இராது என்று நானே இந்த ஒலிவாங்கியில் நூறு தடவை சொன்னேன். பகலில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். மாலை ஆறு முதல் ஏழு வரை டிஜிட்டல் மட்டும். சோதனை நன்றாக அமைந்தால் பழையதை அடியோடு நிறுத்திவிடலாம் என்பது ஏற்பாடு. அந்த ஆறிலிருந்து ஏழுக்குள்தான் உழவர்களுக்கான செய்தியும், மழை அறிவிப்பும், மலைப்பாதை அறிவிப்பும் வரும். இதை மாற்றிக்கொள்ளலாமே என்று முதல் வாரமே கேட்டவர் நீங்கள். அட்டவணை மேலே இருந்து வந்துவிட்டது என்று சொன்னோம். மேலே இருந்து வந்தது ஒரு மணி நேரம் என்பது மட்டும்தான். எந்த மணி என்று தேர்ந்தெடுத்தது நாங்கள். ஏழு மணிக்கு மேல் வேறு நிலைய நிகழ்ச்சிகள் தானாக ஓடும்; அதற்குள் சோதனையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக அதுதான் தோதாக இருந்தது.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள் உங்கள் குறிப்புக் கட்டத்தில் வந்தவற்றை இன்று நான் குரல் மாற்றாமல் வாசிக்கிறேன்.

பண்ணைக்காட்டில் வாழை வைத்திருக்கும் சின்னச்சாமிக்குச் சோதனைக்காக ஒரு புதுப் பெட்டி கொடுத்திருந்தோம். அவர் சொன்னது: "பேசுனா பளிங்கு மாதிரி பேசுதும்மா, கொற சொல்லக் கூடாது. ஆனா ஒரு லாரி குறுக்க போனாப் போதும், வாய மூடிக்கிருது. அப்புறம் எப்ப தெறக்கும்னு அதுக்கே தெரியாது. பழைய பெட்டி இரைஞ்சுக்கிட்டுக் கெடந்தாலும் பேச்ச விடாதுங்க. பாதி காதுல விழுந்தாலும் மீதிய நாமளே புரிஞ்சுக்குவோம்ல." டிஜிட்டல் ஒலிபரப்பின் ஆகப்பெரிய குறையை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை. வந்தால் முழுதாக வரும். கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றுமே வராது. நடுவில் எதுவும் கிடையாது.

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் முருகேஸ்வரி சொன்னது: "பக்கத்துக் கடைல புதுசு, எங்கடைல பழசு. ஒரே பாட்டு. எங்க பாட்டு முன்னால ஓடுது, அவுக பாட்டு பின்னாலயே தொரத்துது. மணி சொன்னாலும் அப்படித்தான். எந்த மணிக்கு நான் நடை தெறக்குற நேரம் பாக்குறது?" டிஜிட்டல் குரல் கணக்குப் போட்டு வெளியே வரச் சில நொடிகள் பிந்தும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே 'சரியான நேரம்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொருவர், பேட்டரி மூன்றே நாளில் தீர்ந்துபோகிறது என்றார். மன்னவனூரில் ஒருவர், அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கினால் அதுவாவது கத்தும் என்றார்.

பூம்பாறையில் பூண்டு பயிரிடும் சோலையம்மாளின் சொற்கள் மட்டும் மாதாமாதம் ஒன்றுபோலவே இருந்தன. அவரிடம் இருப்பது பழைய ரேடியோ. டிஜிட்டல் அலை பழைய ரேடியோவில் வெறும் இரைச்சலாக விழும். "பகல்ல நல்லாக் கேக்குதுங்க. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா தகரத்துல மழை விழுகுற மாதிரி சோன்னு ஒரே சத்தம். ஏழு மணிக்குத்தான் நிக்கும்." பதினான்கு மாதமும் நீங்கள் இதை எழுதினீர்கள். பதினான்கு மாதமும் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

நாங்கள் ஏன் உங்களை நம்பவில்லை என்றால், எங்களுக்கு நன்றாகக் கேட்டது. கட்டுப்பாட்டு அறையில் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. காற்றில் போய்த் திரும்பி வருவதைக் கேட்டு, ஒலிபரப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. தொடக்க விழாவுக்குப் பெரியவர்கள் வரும் நாளில் அது லேசாக இரைந்தது. இரைச்சலே இராது என்று சொல்லும் விழாவில் இரைந்தால் நன்றாக இருக்காதே என்று, டிஜிட்டல் கருவியிலிருந்து நேரே ஒரு கம்பியை இழுத்து ஒலிபெருக்கியில் மாட்டினோம். சத்தம் கண்ணாடிபோல் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒலித்தது காற்றில் போன குரல் அல்ல, காற்றுக்கே போகாத குரல். பதினான்கு மாதமும் பதிவேட்டில் 'மிக நன்று' என்று எழுதினோம். சுகன்யா எழுத, முருகவேல் கையெழுத்திட, ஆனந்த் ஒப்பமிட்டார். நாங்கள் பேசுவதை நாங்களே கேட்டு, நன்றாக இருக்கிறது என்று எங்களுக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டோம்.

வைகாசியிலேயே நீங்கள் அந்தக் கம்பியைக் காட்டினீர்கள். "இது கேக்குறது நம்ம அறையத்தான், ஊரை இல்ல" என்றீர்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம்.

உங்கள் படிவங்களை மறுப்பதற்கென்றே ஒரு கள ஆய்வும் நடத்தினோம். ஜீப்பில் மூன்று பேர் போனோம். பதினோரு இடங்களில் நிறுத்தி அளந்தோம். பதினொன்றும் ரோட்டோரம், பதினொன்றும் சமவெளியைப் பார்த்த சரிவு, பெரும்பாலும் பஜ்ஜிக் கடை இருந்த வளைவு. கொடைக்கானலைத் தாண்டும்போது பனி இறங்கிவிட்டதால் பூம்பாறை வரை போகவில்லை. 'மலைப்பகுதி முழுவதும் மிக நன்று' என்று எழுதினோம். மலைமக்களுக்குக் கொடுக்க வந்த பன்னிரண்டு புதுப் பெட்டிகளில் ஒன்று சின்னச்சாமியிடம் போனது. இரண்டு அடிவாரக் கடைகளுக்கு. மற்ற ஒன்பதும் எங்கள் வீடுகளிலும், வேண்டியவர்களின் வரவேற்பறைகளிலும் இருக்கின்றன. என் வீட்டில் உள்ளதன் மேல் என் மனைவி பூச்சாடி வைத்திருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவதை வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. இருந்தாலும் வாசிக்கிறேன்.

மேலே அனுப்பும் மாதக் கணக்கில் உங்கள் படிவ எண்களுக்கும் எங்கள் பதிவேட்டுக்கும் இருந்த வேறுபாட்டுக்கு மேலிடம் விளக்கம் கேட்டது. ஆடி மாதம். அதற்கு நாங்கள் எழுதிய பதிலில் ஒரு வரி: 'வயது காரணமாக அன்னாரின் செவிப்புலன் சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.' கடிதத்தில் கையெழுத்து ஆனந்த் சாருடையது. அந்தத் தமிழ் என்னுடையது. வரி நயமாக அமைந்துவிட்டது என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு வரியால் உங்களைத் திண்டுக்கல்லுக்குக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடைத்த அறைக்குள் கருவி மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்களாம். மாலையில் திரும்பி வந்து, "எல்லாத்துக்கும் தூக்கிட்டேன்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அறிக்கை வந்தது. இரு செவிகளும் இயல்பு. அதைக் கோப்பில் வைத்துக் கட்டினோம். எங்களில் ஒருவரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மாறாக, நீங்கள் அறைக்குள் வந்தால் கொஞ்சம் சத்தமாகப் பேசும் ஒரு விளையாட்டு எங்களுக்குள் சில நாள் நடந்தது. அதைத் தொடங்கியவனும் நான்.

பிறகு கார்த்திகை வந்தது. இரண்டு நாள் அடைமழை. மேல்மலையில் கரண்டு போய், இரண்டாம் நாள் நண்பகலே செல்போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றுதான் மிச்சம். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரியத் தொடங்கியிருக்கிறது, நாளைக் காலை யாரும் வண்டி எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. மாலை ஆறே காலுக்கு நான் வாசித்தேன். ஏழுக்குள் நான்கு தடவை வாசித்தேன். குரலில் போதுமான கவலையைக் கலந்தே வாசித்தேன். ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. சுகன்யா 'மிக நன்று' என்று எழுதினார். வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விடியலில் சோலையம்மாளின் கணவர் மணியன் பூண்டு மூட்டைகளோடு ஜீப்பில் வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்பினார். பெருமாள்மலை தாண்டியதும் சரிவில் ஒரு பாறை ஜீப்பின் மேல் இறங்கியது. கால் முறிந்து, அதற்கடுத்த நாள் நண்பகல் வரை அவர் மழையில் கிடந்தார். உயிர் பிழைத்தார். அந்தக் கால் இனி மடங்காது. படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறும் தோட்டத்தில் அவர் இனி ஏற முடியாது.

என்ன நடந்தது என்று மேலிடம் கேட்டபோது, அறிவிப்பு நான்கு முறை ஒலிபரப்பப்பட்டது என்று எழுதினோம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீங்கள் சத்தம் போட்டிருக்கலாம். எங்கள் மேசைகளைத் தட்டியிருக்கலாம். நீங்கள் இரண்டு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அந்த மாதப் படிவத்தில் சோலையம்மாள் சொன்னதை எழுதிவந்தீர்கள்: "மழை மாதிரியே ரேடியோ இரைஞ்சுச்சுங்க. மழையப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரேடியோவே ஒண்ணும் சொல்லலையே, ரோடு நல்லாத்தான் கெடக்கும்னு நாந்தாங்க அவர வெள்ளனே கெளப்பி விட்டேன்." அந்தப் படிவத்தை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் அதைத் திருப்பிப் போட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். படித்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகும் நாங்கள் திருந்தவில்லை என்பதையும் சபை அறிய வேண்டும். சோதனையின் இறுதி அறிக்கை இந்த மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். பழைய ஒலிபரப்பை வரும் ஆடியில் அடியோடு நிறுத்திவிடலாம் என்று எழுதி வைத்திருந்தோம். தொழில்நுட்பப் பணியாளர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் இட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ஒரு நாள் தவணை கேட்டு வாங்கி, அறிக்கைக்கு நாளைய தேதி போட்டோம். நாளை நீங்கள் பணியில் இல்லை. இன்று உங்களுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மடல் வாசித்து அனுப்பிவிட்டு, நாளைக் காலை கையெழுத்திட்டு அனுப்புவதாக இருந்தோம்.

சென்ற ஞாயிறு, விழாவுக்கு மணியனையும் சோலையம்மாளையும் அழைக்க நாங்கள் நால்வரும் பூம்பாறைக்குப் போனோம். அழைப்பிதழ் கொடுத்த மாதிரியும் ஆச்சு, உங்களுக்கு வியப்பாகவும் இருக்கும் என்று நினைத்தோம். எங்களுக்கு அதுதான் அங்கே முதல் பயணம். பூண்டு தொங்கவிட்ட கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் மணியன். என் குரலைக் கேட்டதுமே சோலையம்மாள் கண்டுபிடித்துவிட்டார். "ரேடியோ சாருங்களா! பகல்ல தெனமும் கேப்பேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். காப்பி போடப் போனவர் பாதியில் நின்று கேட்டார்: "அன்னைக்கி ரோட்டைப் பத்திச் சொன்னாங்களாம்ல சார்? நீங்கதான் வாசிச்சீகளா?"

"ஆமாம்மா" என்றேன். "நாலு தடவை வாசிச்சேன்."

"நாலு தடவையா?" என்றார் அவர். கணவரைப் பார்த்தார். கணவர் தன் காலைப் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் எங்களைத் திட்டவில்லை. காப்பி வந்தது, குடித்தோம்.

அப்போது ஆறு மணி. கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த ரேடியோவில் என் பதிவுக் குரல் பாதிச் சொல்லில் அறுந்து, இரைச்சல் தொடங்கியது. சோலையம்மாள் அணைக்கவில்லை. "அணைச்சுறலாமேம்மா" என்றார் முருகவேல். "வேண்டாங்க, வள்ளியக்கா வர்ற மாசம் கேப்பாங்க. எத்தன மணிக்கி நின்னுச்சுன்னு பாத்துச் சொல்லணும்ல" என்றார் அவர். ஒரு மணி நேரம் அந்த இரைச்சலுக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பதினான்கு மாதமாக நாங்கள் எதை அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதை முதல்முறையாகக் கேட்டோம்.

திங்கட்கிழமை காலை முருகவேல் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். மாலை ஆறு மணிக்குக் கட்டுப்பாட்டு அறை முழுக்க மழைச் சத்தம். சுகன்யா பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, எழுத முடியாமல் அழுதார். அவர் அழட்டும் என்று விட்டுவிட்டோம். எங்களுக்கும் அழுகை வந்தது.

இந்தப் பதினான்கு மாதத்தில் நீங்கள் எழுதிய நாற்பத்தொரு படிவங்களையும் தேடினோம். அவை கோப்பில் இல்லை. பழைய பேட்டரிப் பெட்டி ஒன்றுக்குள் கிடந்தன. ஒன்றில் டம்ளர் வட்டம் இருக்கிறது. நல்லதாகப் பிரதி எடுத்து அனுப்பலாம் என்றார் ஒருவர். வேண்டாம், வட்டத்தோடே போகட்டும் என்றோம். இன்று காலை இறுதி அறிக்கை போய்விட்டது. இன்றைய தேதியில் போனது. அதில் எங்கள் அளவீடுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று எழுதியிருக்கிறோம். கம்பியைப் பற்றி எழுதியிருக்கிறோம். மலைமடிப்பு ஊர்களில் டிஜிட்டல் எட்டவில்லை, எட்டும் இடத்திலும் மக்களிடம் பெட்டி இல்லை, பழையதை நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். செவி பற்றிய அந்த வரியைத் திரும்பப் பெறுகிறோம் என்று தனிக் கடிதமும் வைத்திருக்கிறோம். அதை என் தமிழில் எழுதவில்லை. 'நாங்கள் சொன்னது தவறு, அவர் சரியாகக் கேட்டார்' என்று சுகன்யா எழுதினார். உங்கள் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். நேற்று நீங்கள் அதை முழுவதும் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டீர்கள். எங்களை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மணியனின் கால் இந்த அறிக்கையால் மடங்கப்போவதில்லை. அதை நாங்கள் அறிவோம்.

முப்பத்து மூன்று ஆண்டு முயன்ற முத்தே! மூன்று தலைமுறைக் கருவிகளை இயக்கியும் முழங்கிக்கொள்ளாத மௌனமே! பழிசுமத்திய எங்கள் பக்கத்திலேயே பதினோரு மாதம் பகையின்றி அமர்ந்திருந்த பண்பே! நீங்கள் நீடு வாழ வேண்டும். நோய்நொடி அண்டாமல், பேரன் பேத்திகள் புடைசூழ, வேளைக்கு உண்டு வேண்டுமட்டும் உறங்கி வாழ வேண்டும். இயல்பு என்று அரசு மருத்துவரே எழுதிக்கொடுத்த அந்த இரண்டு செவிகளும் கடைசி வரை இயல்பாகவே இருக்க வேண்டும். எங்களை மன்னிக்கும்படி இந்த மடல் கேட்கவில்லை. சபையில் வைத்துக் கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். அதனால் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இப்போது மணி ஆறு நாற்பது. டிஜிட்டல் மட்டும் ஓட வேண்டிய நேரம். ஆனந்த் சார் சொல்ல, முருகவேல் ஆறு மணிக்கே இயந்திரத்தைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டார். நான் இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருப்பது இந்த மேடையின் ஒலிவாங்கியில் மட்டுமல்ல; நிலையத்தின் ஒலிவாங்கியிலும்தான். அனுமதி வாங்கவில்லை. நாளை விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். "வரட்டும்யா. ஒரு தடவையாச்சும் நாம உண்மைக்கு மெமோ வாங்குவோம்" என்று ஆனந்த் சார் சொல்லிவிட்டார். கால் வலியால் மணியன் இன்று வர முடியவில்லை. சோலையம்மாளும் அவரோடு இருந்துவிட்டார். கொட்டகைத் தூணில் ரேடியோ இருக்கிறது.

அக்கா, கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டோம். இது வெளியே போகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. மஞ்சள் பையில் உங்கள் ரேடியோ இருக்கும். எழுந்து கொய்யாத் தோப்புப் பக்கம் போய், கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
இன்னும் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கும்
ஆனந்த், முருகவேல், சுகன்யா, செல்வமுருகன்
பழனிமலை வட்டார வானொலி நிலையம், ஆயக்குடி